இரண்டு ஆண்டு வீடும் மூன்று ஆண்டுப் பட்டமும்: வால்பாறைத் தந்தை ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

தேயிலைத் தோட்டங்களை நம்பியிருக்கும் மலையூரான வால்பாறை காலியாகிக்கொண்டே போகிறது; இந்த நிலையில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மகளை வால்பாறை அரசுக் கல்லூரியிலேயே பி.காம். சேர்ப்பதா, ஓய்வின்போது தோட்ட நிர்வாகம் தரும் கிராஜுவிட்டிப் (பணிக்கொடை) பணத்தை நம்பிக் கோவையில் தனியார் நர்சிங் கல்லூரிக்கு அனுப்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கவலை வீண் பயமன்று. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 95,000 பேர் இருந்த வால்பாறை நகராட்சியில் 2011-இல் 71,000 பேர்கூட இல்லை. பத்தே ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அதற்குப் பிந்தைய நிலையைப் பூட்டிக் கிடக்கும் லைன் வீடுகளே (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) சொல்லும். திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவை மில்லுக்கும் கீழே இறங்கியவர்களின் பிள்ளைகள் மீண்டும் கூடையைத் தோளில் மாட்ட வரவில்லை. அவர்கள் இடத்தில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் இலை எடுக்கிறார்கள். அவர்கள் கூலியில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிடுவதால், தோட்டத்தில் வேலை நடந்தாலும் கடைவீதியில் முன்போலப் பணம் புரள்வதில்லை. சுற்றுலாப் பணம் வருவது உண்மைதான். ஆனால் அது விடுமுறை நாட்களோடு வந்து, தென்மேற்குப் பருவமழையோடு வடிந்துவிடும். மாதந்தோறும் தவறாமல் வரும் வருமானம் என்று பார்த்தால் பள்ளி, மருத்துவமனை, வனத்துறை, வங்கி ஆகியவற்றின் சம்பளமும், கீழே வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்பும் பணமும்தான். பி.காம். முடித்த ஒருவருக்கு உள்ளூரில் கிடைக்கக்கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனாலும் ஊரின் எண்ணிக்கையைவிட உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: இன்னும் இரண்டு ஆண்டில் உங்களுக்கு 58 வயது நிறைகிறது. உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில்) பெயர் இல்லாததால், பணி ஓய்வோடு தோட்டத்து வீட்டையும் விட்டாக வேண்டும். பி.காம். மூன்று ஆண்டு, வீடோ இரண்டு ஆண்டு. வீட்டிலிருந்தே படித்தால் செலவு மிச்சம் என்ற கணக்கு மூன்றாம் ஆண்டில் பொய்த்துவிடும். ஆகவே எந்தப் படிப்பு என்று முடிவு செய்வதற்கு முன், 2 ஆண்டுக்குப் பின் எங்கே குடியிருப்பது என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

கிராஜுவிட்டியை நம்புவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம் 28 ஆண்டுப் பணிக்கு 420 நாள் கூலி வரும். நாட்கூலியைக் கணக்குக்காக 450 ரூபாய் என்று வைத்தால் 1,89,000 ரூபாய். அதுவும் ஓய்வு பெற்ற பிறகே கைக்கு வரும். கல்லூரிக் கட்டணமோ இந்த ஆண்டே கட்ட வேண்டும். இடையில் வட்டிக்கு வாங்கினால், கீழே வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கக்கூட எதுவும் மிஞ்சாது. தனியார் நர்சிங் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்க வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

மகளுக்கு நர்சிங்கில் உண்மையான விருப்பமும் உயிரியல் பாடமும் இருந்தால், அரசு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பியுங்கள். தனியார் கல்லூரிகளிலும் அந்த ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. கல்லூரிக்குத் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா, பயிற்சி எந்த மருத்துவமனையில் என்று நேரில் போய்க் கேளுங்கள். தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் ஏமாற்றம் தருவதாகவே இருக்கும் என்பதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இடம் கிடைக்காவிட்டால் பொள்ளாச்சியிலோ கோவையிலோ விடுதியோடு கூடிய படிப்பைப் பார்க்கலாம், பி.காம்.தான் என்றாலும் அங்கேயே சேர்ப்பது நல்லது, ஏனெனில் நீங்களும் எப்படியும் இறங்கப்போகிறீர்கள்.

அவள் 6 முதல் 12 வரை படித்த பள்ளிகள் அரசுப் பள்ளிகளா, அரசு உதவி பெறும் பள்ளிகளா என்பதைச் சான்றிதழ்களில் சரிபார்த்து எனக்கு எழுதுங்கள். கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. ஆனால் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே. தோட்டப் பகுதிப் பிள்ளைகள் பலர் நடுவில் பள்ளி மாறியிருப்பார்கள்; ஒரே ஓர் ஆண்டு வேறு பள்ளியில் இருந்ததால் இடத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.