பிரிண்ட்கே போட்டால் மறையும் பிழை

அன்புள்ள ஐயா,

ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் (டிஸ்க்குகளை இயக்கும் சாதனம்) ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுகிறேன். டிஸ்க்கைக் கடுமையாக ஓட்டிச் சோதிக்கும்போது எப்போதாவது ஒரு டைம்அவுட் (கெடுவுக்குள் பதில் வராதது) வருகிறது. வந்த கையோடு லினக்ஸின் மையமான கெர்னலே விழுந்துவிடுகிறது. விடுவித்த மெமரியைத் தொட்டதாக, மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கேசன் (KASAN) சொல்கிறது. எங்கே என்று பார்க்க பிரிண்ட்கே (கெர்னலுக்குள்ளிருந்து செய்தி அச்சிடும் printk) போட்டால் பிழையே வருவதில்லை. "ஒரு ஸ்பின்லாக் போட்டு முடி" என்கிறார் மேலாளர்; ஒருவர் முடிக்கும்வரை அடுத்தவரைச் சுற்றிச் சுற்றிக் காத்திருக்க வைக்கும் பூட்டு அது. போட்டேன்; குறைந்திருக்கிறது, போகவில்லை. என்ன செய்வது? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

பிரிண்ட்கே போட்டதும் மறைகிறது என்றால் அது நேரம் சார்ந்த பிழை என்று கிட்டத்தட்டக் கையெழுத்தே போடலாம். உங்கள் சோர்ஸ் கோடைப் பார்க்கவில்லை. ஆனால் அடையாளங்கள் பழக்கமானவை: ரிக்வெஸ்ட் (டிஸ்க்குக்கு அனுப்பும் ஒரு வேலை) முடிவதும் டைம்அவுட் ஆவதும் மோதிக்கொள்கின்றன.

கெர்னலில் டிஸ்க் வேலைகளைக் கவனிக்கும் பிளாக் லேயர் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு டேக் (அடையாள எண்) கொடுக்கிறது. ஸ்கஸி டிஸ்க் என்றால் வழக்கமாக 30 நொடி கெடு. டிஸ்க் திணறி, கெடு முடியும் தறுவாயில் பதில் அனுப்புகிறது என்று வையுங்கள். ஒரு சிபியு இன்டரப்டை (வேலை முடிந்தது என்ற சாதனத்தின் அழைப்பை) வாங்கி, ரிக்வெஸ்டை முடித்து, டேக்கை விடுவிக்கிறது. அடுத்த கணமே அந்த டேக் புதிய ரிக்வெஸ்ட் ஒன்றுக்குப் போய்விடுகிறது. இன்னொரு சிபியுவில் ஓடும் டைம்அவுட் ஹேண்ட்லரோ பழையது என்று நினைத்துப் புதியதை அபார்ட் செய்கிறது, அதாவது பாதியில் ரத்து செய்கிறது. கோயில் வாசலில் நீங்கள் திருப்பித் தந்த செருப்பு டோக்கன் அடுத்தவர் கைக்குப் போன பிறகு, அந்த எண்ணைப் பார்த்து அவர் செருப்பைத் தூக்கி வெளியே போடுவது மாதிரி.

லாக், ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும். அந்தத் தரவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. லாக்கே ரிக்வெஸ்டுக்குள் இருந்தால் இன்னும் விசேஷம், ரிக்வெஸ்டோடு அதுவும் போய்விடும். தவிர, அபார்ட் அனுப்பினால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்க முடியாது.

கெர்னலின் பெரிய கைகளே இதில் தடுமாறியிருக்கின்றன. பிளாக் லேயரின் இன்றைய வடிவமான பிளாக்-எம்கியூவில் முதலில் அட்டாமிக் ஃபிளாக்குகளும் (இடையில் குறுக்கிட முடியாத குறிகள்) மெமரி பேரியர்களுமாக (மெமரியைத் தொடும் வரிசையைக் காப்பவை) ஓர் ஏற்பாடு இருந்தது, ஓட்டைகள் நிறைய. 2018 ஏப்ரலில் வெளியான கெர்னல் 4.16-இல் டேஜுன் ஹியோவின் பேட்ச் (கோடில் செய்யும் திருத்தம்) அதை எடுத்துவிட்டு, ஆர்சியுவையும் (படிப்பவர்கள் முடிக்கும்வரை காத்திருக்கும் முறை) தலைமுறை எண்ணையும் கொண்டுவந்தது: டேக் ஒன்றே ஆனாலும் எண் மாறியிருந்தால் அது வேறு ரிக்வெஸ்ட். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 4.18-இல் கீத் புஷ் அதையும் கழற்றிவிட்டு, வெறும் ரெஃபரன்ஸ் கவுண்டை (எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையை) வைத்தார். ஹேண்ட்லர் ரிக்வெஸ்டைத் தொடுமுன் ஒரு ரெஃபரன்ஸ் எடுக்கும். கவுண்ட் ஏற்கெனவே பூஜ்யம் என்றால் விலகிக்கொள்ளும். எடுத்ததைத் திருப்பித் தரும்வரை டேக் வேறு யாருக்கும் போகாது. எனக்குப் பிடித்தது இதுதான். இரண்டும் மோதினால் மோதட்டும், கெடுதல் வராது.

ஆகவே உங்கள் டிரைவரில் ஒவ்வொரு கணமும் ரிக்வெஸ்ட் யார் கையில் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் டிஸ்க்கையும் சேருங்கள். பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். அபார்ட் என்று நீங்கள் முடிவெடுத்ததாலேயே டிஎம்ஏ (சிபியு இல்லாமல் சாதனமே மெமரியில் எழுதுவது) நின்றுவிடாது. அபார்ட் பலித்தது உறுதியான பிறகோ, கன்ட்ரோலரை ரீசெட் செய்த பிறகோதான் பஃபரை விடலாம். டிஸ்க் நேராக மெமரியில் எழுதுவதைக் கேசன் கண்டுபிடிக்காது.

பிழையை வரவழைக்க, பிரிண்ட்கேயை எடுத்துவிட்டு, ஹேண்ட்லர் ரிக்வெஸ்டைத் தேடி எடுப்பதற்கும் தொடுவதற்கும் நடுவில் ஒரு எம்டிலே (சில மில்லிநொடி தாமதம்) வையுங்கள். கெடுவை 1 நொடியாகக் குறையுங்கள். டிஸ்க்கின் பதில்களை வேண்டுமென்றே விழுங்கிவிடும் ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் வசதி கெர்னலிலேயே இருக்கிறது, அதையும் இயக்குங்கள். மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிராது.

பேட்ச் அனுப்பும்போது, கெர்னல்காரர்கள் வழக்கப்படி, இரண்டு சிபியுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பத்தியாகப் போட்டு, எது முதலில், எது பிறகு என்று கமிட் மெசேஜில் (பேட்சோடு போகும் விளக்கக் குறிப்பில்) வரைந்துவிடுங்கள். மேலாளரிடம் முதலில் அந்தப் படத்தைக் காட்டுங்கள். ஸ்பின்லாக் பேச்சு அதோடு நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.