மோவாய்க் காயம் ஆறிவிட்டது, வாய் ஏன் திறக்கவில்லை?

டாக்டர் பதில்கள்: வாய், முகத்தாடை அறுவை சிகிச்சை

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. நான்கு மாதத்துக்கு முன்பு மாடிப்படியில் விழுந்து மோவாய் கிழிந்தது. தையல் போட்டார்கள், காயம் ஆறிவிட்டது. இப்போது சில வாரங்களாக வாயை முழுசாகத் திறப்பதில்லை. இட்லியைக்கூடச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத்தான் கொடுக்கிறேன். "அடம் பிடிக்கிறான்" என்கிறார் மாமியார். அடம்தானா டாக்டர்?
- ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: அடம் இல்லையம்மா. இந்த வாரமே அவனை ஒரு வாய், முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டிவிடுங்கள்.

கீழ்த்தாடை எலும்பு இரண்டு பக்கமும் மேலேறி, காதுக்கு முன்னால் ஒரு குமிழாக முடிந்து, மண்டையோட்டோடு மூட்டாகச் சேர்கிறது. அங்கே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் அசைவது தெரியும். மோவாய் தரையில் மோதினால் அந்த வேகம் நேராகக் குமிழுக்குப் போகும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் ரத்த ஓட்டம் அதிகம், வெளி ஓடு மெல்லியது. நொறுங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கட்டும். வலிக்குப் பயந்து பிள்ளை வாயை அசைக்காமலே இருந்தால், அந்த இடத்தில் மெல்ல மெல்ல எலும்பு வளர்ந்து தாடையை மண்டையோட்டோடு ஒட்டவைத்துவிடும்.

இப்படி வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். மோவாயில் தையல் அழகாகப் போட்டிருப்பார்கள். காதுக்கு முன்னால் யாரும் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். விழுந்த அன்றே கண்டுபிடித்திருந்தால் பெரும்பாலும் கத்தி வைக்கவே தேவைப்படாது. சில நாள் மெல்லத் தேவையில்லாத உணவு, அப்புறம் சீக்கிரமே வாயை அசைக்கும் பயிற்சி, அவ்வளவுதான்.

வீட்டில் மூன்று விஷயம் கவனியுங்கள். அவனுடைய விரல்களிலேயே மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முன்பற்களுக்கு நடுவே நுழைகிறதா என்று பாருங்கள். வாயைத் திறக்கும்போது மோவாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரவில் குறட்டை விடுகிறானா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஸ்பூனை விட்டு நெம்பித் திறக்க வேண்டாம்.

முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுத்தால் நிலவரம் தெரிந்துவிடும். வெறும் இறுக்கம் என்றால் பயிற்சியிலேயே சரியாகலாம். எலும்பு ஒட்டியிருந்தால் அறுவை சிகிச்சைதான். ஒட்டிய எலும்பை வெட்டி இடைவெளி உண்டாக்கி, மறுபடி ஒட்டாதபடி நெற்றிப்பொட்டுத் தசையில் ஒரு பகுதியைத் திருப்பி நடுவே வைப்போம். வளரும் பிள்ளை என்பதால் சில சமயம் விலா எலும்பின் நுனியைக் குருத்தெலும்போடு எடுத்து அங்கே பொருத்துவதும் உண்டு.

"பெரியவனானதும் செய்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மூட்டு ஒட்டிய பக்கம் தாடை சரியாக வளராது. மோவாய் சிறுத்து அந்தப் பக்கமாகச் சாயும், மூச்சுப்பாதையும் குறுகும், பல் துலக்க முடியாமல் சொத்தை விழும்.

மயக்க மருந்து கொடுப்பதும் இங்கே சுலபமில்லை. வாய் திறக்காததால் பெரும்பாலும் மூக்கு வழியாக, உள்ளே பார்க்க உதவும் மெல்லிய ஸ்கோப்பின் துணையோடுதான் மூச்சுக்கான குழாயை இறக்க வேண்டும். அந்தப் பழக்கமுள்ள மயக்க மருந்து டாக்டர் இருக்கும் பெரிய மருத்துவமனையாகப் பாருங்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

அறுவை சிகிச்சை எங்கள் வேலை, அதற்குப் பின்னால் இருப்பது உங்கள் வேலை. என்னிடம் வந்த ஒரு சிறுமிக்கு முதலில் பற்களுக்கு நடுவே ஒரே ஒரு ஐஸ்கிரீம் குச்சிதான் நுழைந்தது. ஆபரேஷன் முடிந்ததும் அவள் அம்மா குச்சிகளை அடுக்கி பிளாஸ்திரி சுற்றிக் கடைவாயில் வைப்பார். வலி பழகியதும் நடுவில் இன்னொரு குச்சியைச் செருகுவார். பிள்ளை அழும், அவரும் அழுதுகொண்டேதான் செய்தார், ஆனால் ஒரு நாளும் விடவில்லை. இந்தப் பயிற்சியை மாதக்கணக்கில் செய்ய வேண்டும், விட்டால் மூட்டு திரும்பவும் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: பைக்கில் விழுந்து தம்பிக்குக் கீழ்த்தாடை உடைந்தது. பிளேட் வைத்து, பற்களையும் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். வாந்தி வந்தால் என்ன செய்வது? கீழுதடு வேறு மரத்தே இருக்கிறது.
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கட்டியிருப்பது கம்பியா, ரப்பரா என்று பாருங்கள். கம்பி என்றால் வயர் கட்டரும், ரப்பர் என்றால் சின்னக் கத்தரிக்கோலும் எப்போதும் தம்பி பக்கத்திலேயே இருக்கட்டும். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் இணைக்கும் கம்பி எது என்று டாக்டரையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாந்தி வந்தால் உட்காரவைத்து முன்னால் குனியச் செய்யுங்கள். பல்லிடுக்கு வழியாகவே வெளியே வந்துவிடும். மூச்சு திணறினால் மட்டும் வெட்டுங்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கட்டு அவிழ்க்கும்வரை மது கூடவே கூடாது. புகையும் வேண்டாம், எலும்பு சேருவது தாமதமாகும்.

உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு கீழ்த்தாடைக்கு உள்ளேதான் ஓடுகிறது. எலும்பு உடையும்போது அதுவும் அடிபடலாம். உணர்வு திரும்ப மாதங்கள் ஆகலாம். அதுவரை கஞ்சியின் சூடு அவருக்குத் தெரியாது. நீங்கள் பார்த்து ஆற்றிக் கொடுங்கள்.