ஃபைனல் ஃபேன்டஸி 8 ரீமாஸ்டர்: எதிரிகள் ஏன் வலுத்துக்கொண்டே போகிறார்கள்?

வணக்கம் நண்பரே. ஈரோட்டில் புதிதாக வாங்கிய கணினியில் ஃபைனல் ஃபேன்டஸி 8 வீடியோ கேமின் பின்னணிக் காட்சிகள் மங்கலாகத் தெரிவதாகவும், 40ஆம் நிலை வரை ஏறிய பிறகும் எதிரிகள் எளிதில் வீழவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

உங்கள் கிராபிக்ஸ் கார்டில் குறையில்லை. 2019இல் வந்த ரீமாஸ்டரில், அதாவது பழைய ஆட்டத்தின் மெருகேற்றிய பதிப்பில், கதாபாத்திரங்களின் உருவங்களே முக்கியமாகப் புதுப்பிக்கப்பட்டன. பின்னணிப் படங்கள் 1999ஆம் ஆண்டுக்கு உரியவை என்பதால், கதாநாயகன் ஸ்குவாலின் காலர் ரோமம் தெளிவாகத் தெரியும்போதே அவனுக்குப் பின்னால் உள்ள சுவர் கலங்கித் தெரிகிறது.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. 7ஆம் பாகத்தைக் கொண்டாடிய பலர் இந்த 8ஆம் பாகத்தை வெறுக்கவும் அதுவே ஒரு காரணம். உங்கள் குழுவின் சராசரி நிலை உயர உயர எதிரிகளின் நிலையும் உயரும். உண்மையான பலம் ஜங்ஷன் என்னும் பிணைப்பு முறையில் இருக்கிறது: ஒரு மந்திரத்தை 100 வரை சேர்த்து, தாக்கும் வலிமையுடனோ உயிர் அளவுடனோ பிணைக்க வேண்டும். பிணைத்த மந்திரத்தைப் போரில் செலவழித்தால் அந்தப் பலமும் குறையும் என்பதை மறவாதீர்கள்.

முதலில் உங்கள் குழுவுக்குத் துணைநிற்கும் காவல் சக்தியான கெட்சகோட்டலுக்கு கார்டு திறனைக் கற்றுக்கொடுங்கள். உயிர் குறைந்த எதிரியைக் கொல்லாமல் சீட்டாக மாற்றினால், அனுபவப் புள்ளி ஏறாது. திறன் கற்கும் புள்ளிகள் மட்டும் கிடைக்கும். கோபியில் என் மாமன் மகன் இப்படித்தான் தேங்கி நின்ற இடத்தைக் கடந்தார். அந்தச் சீட்டுகளைப் பொருள்களாகவும், அப்பொருள்களை மந்திரங்களாகவும் மாற்றலாம். ஆட்டத்தை மறுபடி தொடங்கத் தேவையில்லை. நடையலுப்புக்கு மூன்று மடங்கு வேகத்தைப் பயன்படுத்துங்கள், போரில் உயிர் அளவை நிரப்பியே வைத்திருக்கும் போர் உதவி வசதியை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.