‘எளிமையாக இருக்கட்டும்’ என்று கேட்பவருக்கு ஒட்டுத்துணிப் போர்வையை எப்படித் தைப்பது?

துணித்துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைப்பதே ஒட்டுத்துணிப் போர்வை. நுவரெலியாக் குளிருக்கு அதைக் கேட்பவர் ‘எளிமையாக’ என்றால், நிறங்கள் குறைவு, துண்டுகள் பெரிது, வெளிர்நிறத்துக்கும் அடர்நிறத்துக்கும் இடையிலான வேறுபாடு மெல்லியது என்ற மூன்றில் எதையும் குறிக்கலாம். போர்வையை முழுதாகவே பார்த்துப் பழகியவருக்கு அதன் கூறுகளைப் பிரித்துச் சொல்லச் சொற்கள் வாய்ப்பதில்லை. ‘நல்ல தேத்தண்ணி’ கேட்டவரிடம், பால் கலந்ததா, இஞ்சி தட்டிப் போட்ட வெறும் சாயமா என்று கேட்காமல் ஊற்றுவோமா? அதுபோல நான்கைந்து துணிகளை அருகருகே விரித்து, பிடிக்காததை முதலில் கேளுங்கள். வேண்டாததை எவரும் தயங்காமல் ஒதுக்குவர். (பனிமூட்டமான நாளில் காட்டாதீர்கள், நிறங்கள் மங்கலாகத் தெரியும்.)

நிறத்தைக் குறைத்தால் எளிமை வந்துவிடும் என்று பலர் கருதுவது தவறு: நீலம் ஒன்றிலேயே தைத்தாலும், வெளிர்நீலமும் கருநீலமும் சிறு துண்டுகளாக மாறிமாறி வந்தால் போர்வை நெரிசலாகவே தோன்றும்.