பேரனுக்கு எப்போது பால் கொடுப்பார்கள்?

கேள்வி: மகளுக்கு இது முதல் பிள்ளை. பிறந்த மறுநாளே பச்சையாகச் சத்தி எடுத்தான். முன்சிறுகுடலில் அடைப்பு என்று சத்திரசிகிச்சை செய்தார்கள். ஒரு கிழமையாகியும் இன்னும் ஒரு சொட்டுப் பால் கொடுக்கவில்லை. மூக்குக் குழாயில் பச்சைத் தண்ணீர் வந்தபடி இருக்கிறது. ஒப்பரேஷன் சரிவரவில்லையோ? மகள் அன்னாசி சாப்பிட்டதால் வந்த வினை என்கிறார்கள் சம்பந்தி வீட்டார்.
— ஓர் அம்மம்மா, கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, சிறுவர் சத்திரசிகிச்சை வார்ட்டில் தாதியாக இருந்த காலம் முழுக்க, கட்டிலடியில் நின்று இதே கேள்வியைக் கேட்டவர்கள் பலர். அந்தப் பச்சைத் தண்ணீர் பித்தநீர். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

வயிற்றுக்குள் இருந்தபோதே, அடைப்புக்கு மேலே நீர் முட்டி முட்டி இரைப்பையும் குடலின் தொடக்கமும் பலூன் மாதிரி விரிந்துவிடும். எக்ஸ்ரேயில் இரண்டு காற்றுக் குமிழ்கள் தெரிவது அதனால்தான். கீழ்ப்பக்கக் குடலோ ஒன்றும் போகாமல் மெலிந்து கிடக்கும். இந்த இரண்டையும் இணைத்துத் தைத்திருக்கிறார்கள். தையலின் வீக்கம் வற்ற வேண்டும், விரிந்த பக்கம் சுருங்கித் தள்ளப் பழக வேண்டும். அதுவரை மேலே தேங்குவதைக் குழாயால் எடுப்பார்கள். ஒன்றிரண்டு கிழமை ஆவது வழமைதான், சில பிள்ளைகளுக்கு இன்னும் கூடும். சீனி, புரதம், கொழுப்பு எல்லாம் நாளம் வழியே போகிறது, பிள்ளை பட்டினி கிடக்கவில்லை.

நீங்கள் குழாய்ப் பையைக் கவனியுங்கள். நாளாக நாளாக அளவு குறையும், கரும்பச்சை வெளிறும், மலமும் போகும். அப்புறம் ஒரு மில்லிலீட்டர், இரண்டு மில்லிலீட்டர் என்று பால் தொடங்குவார்கள். அளவு திடீரென்று கூடினாலோ, வயிறு ஊதினாலோ உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மகளுக்கு இப்போது பெரிய வேலை ஒன்று இருக்கிறது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம், இரவிலும் எழும்பி, பாலைப் பிழிந்து எடுக்க வேண்டும். பிள்ளை உறிஞ்சாவிட்டால் பால் வற்றிவிடும். போத்தலில் பெயரும் திகதியும் நேரமும் எழுதி எங்கே வைப்பது என்று வார்ட் மிஸ்ஸிடம் கேட்கச் சொல்லுங்கள். அவளோடு கூட இருங்கள், நேரத்துக்குச் சாப்பிட வையுங்கள்.

அன்னாசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கருவின் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டிய குடற்பாதை திறக்கவில்லை, அவ்வளவுதான். சம்பந்தி வீட்டாரிடம் இந்தப் பக்கத்தையே கொடுங்கள். இந்த அடைப்புள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டவுண் சிண்ட்ரோம் (வளர்ச்சியைப் பாதிக்கும், பிறப்பிலேயே உள்ள ஒரு மரபணு நிலை) இருப்பதுண்டு. இரத்தம் சோதித்தாலோ, இருதயத்தை ஸ்கேன் செய்தாலோ அது அதற்காகத்தான். அதிலும் தாயின் குற்றம் எதுவும் இல்லை.

மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பால் வெள்ளையாகக் கக்குவது வேறு. பச்சிளம் பிள்ளை பச்சையாகச் சத்தி எடுத்தால் கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர் என்று நேரம் கடத்தாதீர்கள். குடல் முறுகியிருந்தால் சில மணித்தியாலத்திலேயே இரத்த ஓட்டம் நின்று குடல் கறுத்துவிடும். நடுச்சாமமானாலும் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கொழும்பில் இருப்பவர்களுக்குப் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. சத்தி பட்ட துணியைக் கழுவாமல் கையோடு கொண்டு போங்கள், வைத்தியர் முதலில் கேட்பது அதன் நிறத்தைத்தான்.