முகம் ஏன் கறுக்கிறது, சேலை ஏன் நிறம் மாறுகிறது: புதுக் கமராக்காரருக்குப் பதில்கள்

கிளிநொச்சியில் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று பல வருடமாகப் படம் எடுத்து வருகிறேன். புதுக் கமரா வாங்கியவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

முல்லைத்தீவிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, கடற்கரையில் நல்ல வெயிலில் அம்மாவை எடுத்தேன். கடலும் மணலும் வடிவாக வந்திருக்கு, அம்மாவின் முகம் மட்டும் கரி. கமரா பழுதோ?

பழுதில்லை தம்பி. முன்னால் நிற்பது உங்கள் அம்மா என்று கமராவுக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும், விழுந்த வெளிச்சத்தில் 18 வீதம் திரும்பி வருகிற ஒரு நடுச் சாம்பல் நிறமாக அதை நினைத்துக்கொண்டுதான் அளக்கும். பளிச்சென்ற மணலையும் வானத்தையும் கண்டதும் வெளிச்சம் கூடிப்போச்சு என்று குறைத்துவிடும். அந்தக் குறைப்பு முழுக்க அம்மாவின் முகத்தில் விழுகிறது.

முழு ஓட்டோவில் இருந்தால் பெரும்பாலான கமராக்களில் திருத்த இடமில்லை. கமராவின் மேலே இருக்கிற சில்லைத் திருப்பி ‘பி’யில் (P) வையுங்கள். பிறகு கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அமத்தி, கூட்டல் 1க்குக் கொண்டுபோங்கள். வெளிச்சம் இரட்டிப்பாகும். வானம் கொஞ்சம் வெளுக்கும், வெளுக்கட்டும். இரண்டு மீற்றருக்குள் நின்றால் பகலிலும் பிளாஷ் போடலாம்.

முகத்தை மட்டும் புள்ளியாக அளக்கும் வசதியும் இருக்கும். அதில் ஒரு கவனம் வேண்டும். நம்முடைய மாநிறத்தையும் கறுப்பையும் கமரா அதே சாம்பலுக்கு ஏற்றப் பார்க்கும், முகம் வெளுத்துப்போகும். அப்போது அதே கூட்டல் கழித்தல் பொத்தானில் கழித்தல் அரைக்குக் கொண்டுபோங்கள். இருட்டைப் போக்குவது வேறு, ஆளை வெள்ளையாக்குவது வேறு. வெயிலில் வயல் செய்த அம்மாவின் முகம் அந்த நிறத்தில்தான் அழகு.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி: சாமத்திய வீட்டுப் படத்தில் எல்லாருடைய முகமும் நீலம். பந்தலுக்கு நீலத் தறப்பாள் கட்டியிருந்தோம்.

வன்னியில் என்னிடம் அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். தறப்பாளுக்குள்ளால் வரும் வெயிலில் நீலம் மிஞ்சும், சிவப்பு வற்றிவிடும். இல்லாத சிவப்பைக் கணினியாலும் முழுதாகக் கொண்டுவர முடியாது. ஒரு வீட்டில் பிள்ளைக்கு நல்ல இரத்தச் சிவப்பில் சேலை உடுத்தியிருந்தார்கள். படத்தில் அது கத்தரிப்பூ நிறமாக விழுந்தது, பிள்ளையின் உதடும் அப்படியே. அந்தத் தாய் சேலையின் தலைப்பைப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்வது, பிள்ளையைப் பந்தலின் ஓரத்துக்குக் கூட்டிவந்து, முகம் வெளியே பார்க்க நிறுத்துவது. திறந்த வெளியின் வெளிச்சம் முகத்தில் விழுந்தாலே பாதி நோய் போய்விடும். உள்ளேதான் எடுக்கவேண்டும் என்றால், பிள்ளை நிற்கும் அதே இடத்தில் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்துப் படம் எடுங்கள். எது வெள்ளை என்று கமராவுக்குச் சொல்லும் வைற் பலன்ஸ் மெனுவில் ‘கஸ்டம்’ என்பதில் அந்தப் படத்தைக் காட்டினால், கமரா அதை வெள்ளை என்று வைத்துக்கொள்ளும். கமரா தன் கைவேலை சேர்க்காமல் சேமிக்கும் ‘ரோ’ (RAW) கோப்பாகவும் எடுத்துவையுங்கள், பிறகு நிறம் மாற்றுவது சுலபம். அடுத்த முறை பந்தலுக்கு வெள்ளைத் துணி கட்டச் சொல்லுங்கள்.

மல்லாவியிலிருந்து: ரியூப் லைட்டில் அடுத்தடுத்து எடுத்தால் ஒரு படம் மஞ்சள், ஒன்று பச்சை, ஒன்று இருட்டு.

நம் மின்சாரம் 50 ஹேட்ஸ். பழைய ரியூப் லைட் செக்கனுக்கு 100 தடவை மங்கி எரியும். ஷட்டரை, அதாவது வெளிச்சம் உள்ளே வரக் கதவு திறந்திருக்கும் நேரத்தை, நூறில் ஒரு செக்கன் அல்லது ஐம்பதில் ஒன்றில் வையுங்கள், இந்த மாற்றம் நிற்கும்.

முள்ளியவளையிலிருந்து: வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலில் இரவு பிளாஷ் போட்டும் பின்னால் எல்லாம் கும்மிருட்டு.

கமராவோடு வரும் சின்னப் பிளாஷ் மூன்று நான்கு மீற்றருக்கு மேல் போகாது. அதை நிறுத்துங்கள். வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 3200, லென்ஸின் துவாரம் முழுக்கத் திறந்து, ஷட்டர் அறுபதில் ஒரு செக்கன். தூணில் சாய்ந்து மூச்சைப் பிடித்து எடுங்கள். கொஞ்சம் பொரிப்பொரியாக வரும், பரவாயில்லை. வைற் பலன்ஸை வெயில் குறியில் விடுங்கள். ஓட்டோவில் விட்டால் விளக்கின் மஞ்சளைக் குறைத்துவிடும். கடல் நீரில் விளக்கெரியும் கோயிலில் அந்த மஞ்சளைக் கழுவித் துடைத்தால் பிறகு படத்தில் என்ன இருக்கிறது?

பரந்தனிலிருந்து: கமராத் திரையில் வெளிச்சம், ஸ்ரூடியோவில் பிரின்ற் போட்டால் மங்கல்.

திரை வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருப்பீர்கள். திரையை நம்பாமல், படத்தில் இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாக மலைபோல் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். மலை இடப்பக்கம் ஒட்டிக் கிடந்தால் படம் இருட்டு. நிறமும் செத்திருந்தால், மெனுவில் நிறத்தைப் பதியும் முறையை ‘அடோபி ஆர்ஜிபி’யிலிருந்து (Adobe RGB) ‘எஸ்ஆர்ஜிபி’க்கு (sRGB) மாற்றுங்கள்.

துணுக்காயிலிருந்து ஒரு ரீச்சர்: இடம்பெயர்வில் அப்பாவின் ஒரே ஒரு படம்தான் மிஞ்சியது. கமராவால் படி எடுத்தேன். மஞ்சளாகவும் நடுவில் பளபளப்பாகவும் வருகிறது.

ரீச்சர், பளபளப்பு பிளாஷால் வருவது, நிறுத்திவிடுங்கள். வெயில் நேரே படாத விறாந்தையில், காலை பத்து மணிபோல், படத்தை நிலத்தில் தட்டையாக வையுங்கள். கமரா நேர் மேலே இருக்கவேண்டும், சரிந்தால் சட்டம் கோணும். கை படாமல் 2 செக்கன் ரைமரில் எடுங்கள். முதல் படத்தில் பக்கத்தில் வெள்ளைத் தாளும் விழட்டும். கணினியில் அந்தத் தாளைத் தொட்டு வெள்ளையைச் சரிசெய்தால் வெளிச்சத்தால் வந்த மஞ்சள் போய்விடும்.

காலத்தால் ஏறிய மஞ்சள் மிஞ்சும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், அப்பாவின் நிறம் நினைவிருக்கிற ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு.