வீட்டுப் பக்கத்தில் மதுக்கடை: இராமநாதபுரம் கரையோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

எங்கள் தெருவில் வீடுகளுக்கு நடுவே டாஸ்மாக் கடை வரப்போவதாகச் சொல்கிறார்கள். குடியிருப்பிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்? (தொண்டி)

கரையோர ஊர்களிலிருந்து அதிகம் வரும் கேள்வி இதுதான். பதில் உங்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கும். மதுபானச் சில்லறை விற்பனை குறித்த 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு விதிகள், வழிபாட்டுத் தலத்துக்கும் கல்வி நிலையத்துக்கும் மட்டுமே தொலைவை வரையறுத்துள்ளன. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் அது 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். தொண்டி பேரூராட்சி என்பதால் உங்களுக்கு 100 மீட்டர் பொருந்தும். வீடுகளுக்கென்று ஒரு மீட்டர்கூட விதியில் இல்லை.

ஆகவே, "இது குடியிருப்புப் பகுதி" என்ற ஒரே வரியை நம்பி எழுதப்படும் மனு வலுவிழந்தே போகிறது. கடைக்கான இடத்தை முடிவு செய்வதில் மாவட்ட ஆட்சியரின் பங்கு முக்கியமானது என்பதால், அவருக்கு அந்த இடத்தின் அன்றாட நிலையை எழுதுங்கள்: பள்ளிப் பிள்ளைகள் நடந்து போகும் பாதை எது, பெண்கள் மீன் கூடையுடன் விடியலில் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பும் வழி எது, பேருந்து நிறுத்தம் எவ்வளவு அருகில் இருக்கிறது, அதே தெருவில் முன்பு காவல் நிலையத்தில் பதிவான புகார்கள் என்னென்ன என்பவற்றை வரைபடத்துடன் இணைத்துத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடை திறப்பதற்கு முன்பே கொடுப்பது நல்லது. திறந்த கடையை மாற்றுவது பல மடங்கு கடினம். கடை வந்த பிறகு தெருவில் தொல்லை தொடருமானால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்கீழ், பொதுத் தொல்லையை அகற்ற நிபந்தனை ஆணை பிறப்பிக்குமாறு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம்.

பள்ளிவாசலுக்கு அருகே கடைக்கு இடம் பார்க்கிறார்கள். கேட்டால், "இது வணிகப் பகுதி, தொலைவு விதி பொருந்தாது" என்கிறார்கள். உண்மையா? (கீழக்கரை)

அப்படியொரு விலக்கு விதியிலேயே உண்டு. ஆனால் நாலு கடைகள் சேர்ந்திருப்பதால் மட்டும் ஓர் இடம் வணிகப் பகுதியாகிவிடாது. நகரமைப்புக்குப் பொறுப்பான அமைப்பு அதை வணிகப் பகுதி அல்லது தொழிற்பகுதி என்று வகைப்படுத்தியிருக்க வேண்டும். வாய்வார்த்தையை ஏற்காமல், குறிப்பிட்ட புல எண்ணின் நிலப் பயன்பாடு என்ன, தொலைவை எந்த வாசலிலிருந்து எந்த வாசல் வரை அளந்தார்கள் என்ற இரண்டையும் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கடை வந்த பிறகு ஏற்பட்ட பள்ளிக்கோ வழிபாட்டுத் தலத்துக்கோ தொலைவு விதி உதவாது என்பதால், பள்ளிவாசலின் பழைய ஆவணங்களையும் தேடி எடுத்து வையுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கடையே கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதல்லவா? (தேவிபட்டினம்)

2016 டிசம்பரில் வந்த தீர்ப்பு, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்பனை கூடாது என்றது. 2017 மார்ச் 31 அன்று, 20,000 அல்லது அதற்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிப் பகுதிகளில் இது 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் உள்ள உரிமங்களுக்கு அந்தத் தடை இல்லை என்று விளக்கம் வந்தது. அதனால் ஒரே சாலை, ஊராட்சி எல்லையில் ஒரு விதிக்கும் நகராட்சி எல்லையில் வேறொரு விதிக்கும் உட்பட்டது. இந்த விளக்கம் ஊராட்சிப் பகுதிகளுக்கும் பொருந்துமா என்பதை மாநில அரசே முடிவு செய்யலாம் என்று 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் கூறியது. சாலை விபத்தைத் தடுக்கப் பிறந்த ஆணை உள்ளாட்சி எல்லைக் கோட்டைப் பார்த்து நிற்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

கிராம சபையில் தீர்மானம் போட்டால் கடையை மூடியாக வேண்டுமா? (உச்சிப்புளி)

தீர்மானம் போட்ட உடனே கடை தானாக மூடப்படும் என்று மேற்சொன்ன 2003 விதிகள் கூறவில்லை. எனினும் மக்களின் எதிர்ப்புக்கு அது நல்ல சான்று. மனுவிலும், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தொடரும் ரிட் வழக்கிலும் இணைக்கலாம். வந்தவர்களின் கையொப்பங்களோடு தீர்மானப் பதிவேட்டில் முறையாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன். விருந்தினருக்கு மது பரிமாறலாமா? (மண்டபம்)

உரிமமில்லாமல் கூடாது. ஓட்டல்களுக்கான எஃப்.எல்.3 உரிமம் நட்சத்திரத் தகுதி பெற்றவற்றுக்கே உரியது. எல்லாச் சிறு விடுதிகளுக்கும் கிடைப்பதன்று. மணலில் கீற்றுக் கொட்டகை போட்டுப் பார் நடத்தும் எண்ணமிருந்தால், மதுவிலக்குச் சட்டத்துக்கு முன்பே கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும். அவற்றின் 2011 அறிவிக்கை, ஊரகக் கரைகளில் உயர் ஓத வரியிலிருந்து (கடல்நீர் மேலேறும் உச்ச எல்லை) 200 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடையுள்ள பகுதியாக வகுத்திருந்தது.

வீட்டின் முன்பகுதியை டாஸ்மாக் கடைக்கு வாடகைக்கு விடலாமா? (சாயல்குடி)

வீடாகக் கட்ட அனுமதி வாங்கிய கட்டடம் என்றால், முதலில் பேரூராட்சியில் பயன்பாட்டு மாற்றத்துக்கான அனுமதி, வணிகச் சொத்து வரி, வணிக மின்கட்டணம் ஆகியவற்றை விசாரியுங்கள். கிடைக்கும் வாடகையை அதன் பிறகு கணக்குப் போடலாம்.